ஷூ லேஸ் இல்லாமல் இறங்குகிறவர்கள்: ஹோண்டுராஸ் பாதிரியார் பேசியதைக் கேட்டுவிட்டு வந்தேன்

#1 தறிக்காரன்

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கிறிஸ்தவன் இல்லை. அமெரிக்காவில் பதினோரு வருஷமாக இருந்தும் சர்ச்சுக்குள் கால் வைத்தது இரண்டு கல்யாணங்களுக்குத்தான். மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸிலிருந்து ஒரு பாதிரியார் வந்திருக்கிறார், மனித உரிமை பற்றியும் அங்குள்ள சனங்கள் ஏன் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்பது பற்றியும் பேசப்போகிறார் என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

அறுபதை நெருங்கும் ஆள். அங்கி எதுவும் இல்லை, கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. அவர் ஸ்பானிஷில் பேச, பக்கத்தில் ஒரு பெண் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். வணக்கம் சொன்ன கையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடி ஷூ லேஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இங்கே குடியேற்றத் துறைத் தடுப்புக் காவலில் வைக்கும்போது பெல்ட்டையும் லேஸையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். நாடு கடத்தும் விமானம் ஹோண்டுராஸின் சான் பெட்ரோ சூலா நகரத்தில் இறங்கும்போது ஆட்கள் காலை இழுத்து இழுத்து நடந்து வருவார்களாம், ஷூ வாயைப் பிளந்துகொண்டு. கையில் ஒரு பை. அதற்குள் செல்போன், பெல்ட், லேஸ். வரவேற்கும் இடத்தில் காபி கொடுப்பார்கள். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு முதல் வேலையாகக் குனிந்து லேஸ் கோப்பார்கள் என்றார். "அப்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மறுபடி எப்போது கிளம்புவது என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்."

அவர் பேச்சின் சாரம் இதுதான்: மனித உரிமை என்றால் போகிற உரிமையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது, போகாமல் இருக்கும் உரிமை. பிறந்த இடத்திலேயே பிழைக்க முடிகிற உரிமை. இது அவர் கண்டுபிடிப்பு இல்லை. 2003-ல் அமெரிக்க, மெக்சிகோ கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) சேர்ந்து எழுதிய கடிதத்தில் முதல் கொள்கையே இதுதான். போப் பிரான்சிஸ் 2023-ஆம் ஆண்டு புலம்பெயர்ந்தோர் தினத்துக்குக் கொடுத்த தலைப்பும் போகவோ இருக்கவோ தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பற்றியது. ஆனால் அவர் வாயால் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. அவருடைய பங்கில், அதாவது அவர் சர்ச் வட்டாரத்தில், ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று வடக்கே எங்கோ இருக்கிறார்களாம்.

கேட்டதிலிருந்து ஒரு விஷயம் உறுத்துகிறது. கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "உங்கள் நாட்டுப் பணக்காரர்களும் அரசியல்வாதிகளும் செய்வதற்கு நாங்கள் ஏன் பொறுப்பாக வேண்டும்?" என்று கேட்டார். பாதிரியார் வாழைத் தோட்டக் காலத்திலிருந்து ஆரம்பித்து நீளமாகப் பதில் சொன்னார். ஆனால் கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை என்றே தோன்றியது. இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

#2 கணக்கன்

நல்ல பதிவு. ஆனால் எதிர்க்கட்சியாக யாராவது இருக்க வேண்டுமே, நான் இருக்கிறேன்.

நானும் நீங்களும் இந்த நாட்டுக்கு எப்படி வந்தோம்? விசா, ஸ்டாம்பிங், ஒவ்வொரு முறையும் வயிற்றில் புளியைக் கரைக்கும் இண்டர்வியூ. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று சட்டம், அதனால் இந்தியாவில் பிறந்தவன் வரிசையில் நின்றே நரைத்துப்போகிறான். என் பையன் 21 வயதானதும் என் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுவானோ என்று தினம் பயம். இந்த லட்சணத்தில், ஆற்றை நீந்தி வருகிறவருக்கு மட்டும் மனித உரிமை என்றால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. சொன்னால் கல் நெஞ்சன் என்பீர்கள். சொல்லுங்கள், பரவாயில்லை.

லேஸ் கதை உருக்கம்தான். உருக்கத்தை வைத்து ஒரு நாடு எல்லையை நடத்த முடியுமா?

#3 வாழைத்தார்

கணக்கன், எரிச்சல் நியாயமானது. ஆனால் நீங்கள் நிற்கும் வரிசையில் ஹோண்டுராஸ் கூலிக்காரருக்கு இடமே கிடையாது. டிகிரி இல்லை, ஸ்பான்சர் பண்ண கம்பெனி இல்லை. பருவ வேலைக்கான தற்காலிக விசா சிலருக்குக் கிடைக்கும், வேலை முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். அடைக்கலம் கேட்கலாம் என்றால், அமெரிக்க மண்ணில் கால் வைத்தோ எல்லை வாசலில் நின்றோதான் கேட்க முடியும். தூதரகத்தில் போய் 'அடைக்கல விசா கொடுங்கள்' என்று கேட்க வழியில்லை. வரிசை இருந்து அதைத் தாண்டிக் குதித்தால் நீங்கள் திட்டலாம்.

தறிக்காரன் கேட்டதற்கு வருகிறேன். பாதிரியார் ஏன் வாழைத் தோட்டத்துக்குப் போனார் என்றால், ஹோண்டுராஸ் கதையை வேறு எங்கிருந்தும் ஆரம்பிக்க முடியாது. 'வாழைப்பழக் குடியரசு' என்ற பட்டமே அந்த ஊரில் கொஞ்ச காலம் தலைமறைவாக இருந்த ஒரு அமெரிக்க எழுத்தாளர் சூட்டியது. வடக்குக் கடற்கரையில் நிலம், ரயில், துறைமுகம் எல்லாம் அமெரிக்க வாழைக் கம்பெனிகளின் கையில். 1954 மே மாதம் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. அந்த நாட்டில் தொழிற்சங்கம் என்ற ஒன்றுக்குச் சட்டம் வந்ததே அதற்குப் பிறகுதான்.

அந்த வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஜூன் மாதமே பக்கத்து குவாத்தமாலாவில் ஜனாதிபதி ஆர்பென்ஸ் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அவர் செய்த குற்றம், அமெரிக்க வாழைக் கம்பெனியான யுனைடெட் ஃப்ரூட் பயிரிடாமல் வைத்திருந்த நிலத்தை எடுத்து ஏழைகளுக்குப் பங்கு போட்டது. அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. ஏற்பாடு செய்த படை ஹோண்டுராஸ் எல்லை வழியாகத்தான் உள்ளே போனது. பிறகு குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர், 2 லட்சம் பேர் செத்தோ காணாமலோ போனார்கள். எல் சல்வடாரில் 1980 முதல் 1992 வரை, 75,000 பேர். ஓடியவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த கும்பல்களுக்கு நடுவே இந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இன்று எல்லாரும் பயத்தோடு உச்சரிக்கும் எம்.எஸ்.13, பாரியோ 18 இரண்டும் முளைத்தது அந்தத் தெருக்களில். 1990-களில், அதிலும் நாடு கடத்துவதை எளிதாக்கிய 1996 சட்டத்துக்குப் பிறகு, அவர்களைப் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். போர் முடிந்து போலீஸே சரியாக நிற்காத நாடுகளில் போய் இறங்கினார்கள்.

அதனால் 'நாங்கள் ஏன் பொறுப்பாக வேண்டும்' என்பவருக்கு, பாதி வேரை நட்டவர் நீங்கள் என்பது பதில்தான். மீதிப் பாதிக்கு உள்ளூர்க்காரர்கள். அதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அது குறைதான்.

#4 நூல்பிடி

ஒரு சின்ன சந்தேகம். மனித உரிமை பேசுவதற்குப் பாதிரியார் எதற்கு? ஸ்பெயின்காரன் வாளோடு வந்தபோது கூடவே சிலுவையோடு வந்ததும் இவர்கள்தானே. நூற்றாண்டுக் கணக்கில் பண்ணையார் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருந்த சபை, இப்போது ஏழைகளுக்காகக் கண்ணீர் விடுகிறது. நம்புவது கஷ்டமாக இருக்கிறது.

#5 ஞாயிறு மணி

நூல்பிடி, நான் பரம்பரைக் கத்தோலிக்கன். நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. விருந்தில் உட்கார்ந்தவர்கள் உண்டு, இன்றும் உண்டு. 2009 ஜூன் 28 அன்று ஹோண்டுராஸ் ஜனாதிபதி செலாயாவை ராணுவம் பைஜாமாவோடு தூக்கிக் கோஸ்டா ரிக்காவில் கொண்டுபோய் இறக்கியதே, அப்போது அந்த நாட்டுச் சபைத் தலைமை யார் பக்கம் சாய்ந்தது என்று அங்குள்ள சாதாரண விசுவாசிகளே மனக்கசப்போடு பேசினார்கள்.

ஆனால் இன்னொரு வரிசையும் இருக்கிறது. எல் சல்வடாரில் பேராயர் ரொமேரோ, ஏழைகளைச் சுடாதீர்கள் என்று ராணுவத்தினரிடம் நேரடியாகப் பிரசங்கத்தில் சொன்ன மறுநாள், 1980 மார்ச் 24, பூசை வைத்துக்கொண்டிருக்கும்போதே சுட்டார்கள். ரோமாபுரி அவரைப் புனிதராக்க 2018 ஆயிற்று. அந்தத் தாமதத்திலேயே நீங்கள் சொல்கிற பிரச்சினையும் இருக்கிறது. 1989 நவம்பர் 16 அன்று சான் சல்வடாரில் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஆறு இயேசு சபைப் பாதிரியார்களையும், சமையல் செய்த அம்மாவையும், அந்த அம்மாவின் மகளையும் ராணுவம் கொன்றது. சாட்சி இருக்கக் கூடாது என்று அந்த இருவரையும். மகளுக்குப் பதினாறு வயதுதான்.

நம் பக்கம் பார்த்தாலும் ஸ்டான் சுவாமி ஞாபகத்துக்கு வருவார். திருச்சிக்காரர், இயேசு சபைப் பாதிரியார், வேலை செய்ததெல்லாம் ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடம், 84 வயதில் காவலிலேயே இறந்தார். ஒரு சாமி ஊர்க்காரர்கள் நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பானிஷ் தெரிய வேண்டியதில்லை.

தறிக்காரன், உங்கள் பாதிரியார் எல் புரோக்ரெசோ பக்கமா? அங்கே இயேசு சபையினர் நடத்தும் ரேடியோ புரோக்ரெசோ என்று ஒரு வானொலி உண்டு. வழியில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் அந்த ஊரில் ஒரு குழுவாகச் சேர்ந்து அந்த வானொலியில் நிகழ்ச்சியே நடத்துகிறார்கள்.

#6 தறிக்காரன்

ஞாயிறு மணி, எந்த ஊர் என்பதை இங்கே போட வேண்டாம் என்று நினைக்கிறேன். பேசிவிட்டுத் திரும்பிப் போகிற ஆள். வடக்குக் கரை, அவ்வளவுதான்.

அந்த ஏற்றுமதிக் கும்பல்கள் என்ன செய்கின்றன என்று அவரும் சொன்னார், வாழைத்தார் சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள். 'போர் வரி' என்று ஒன்று வசூலிக்கிறார்கள். பஸ் ஓட்டுபவர், டாக்சிக்காரர், வீட்டு வாசலில் ரொட்டி சுட்டு விற்கிற அம்மா, எல்லாரும் வாரா வாரம் கொடுக்க வேண்டும். கேட்டதும் எனக்கு மாமூல்தான் ஞாபகம் வந்தது. ஆனால் மாமூல் கொடுக்காவிட்டால் கடையை மூடுவான், இங்கே டிரைவரைச் சீட்டிலேயே சுட்டுவிடுகிறான். இரண்டு கும்பலின் எல்லையையும் தொட்டு ஓடும் பஸ் என்றால் இரண்டு பேருக்கும் கட்ட வேண்டும். அவர் பங்கைச் சேர்ந்த ஒரு டிரைவர், வசூல் ஏறிக்கொண்டே போய் டீசலுக்கும் மிஞ்சாமல் போனதும், சாவியை ஓனர் வீட்டு வாசலில் தொங்கவிட்டுவிட்டு அன்று ராத்திரியே கிளம்பிவிட்டாராம். இவரைப் பொருளாதாரக் காரணத்தில் சேர்ப்பதா, உயிர்ப் பயத்தில் சேர்ப்பதா? படிவத்தில் ஒரு கட்டத்தில்தான் டிக் அடிக்க முடியும்.

கணக்கன், உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு கணக்கும் சொன்னார். கூட்டிப் போகிறவனைக் கோயோட்டே என்கிறார்கள், ஓநாய் ஜாதி. ஒரு தொகை பேசினால் மூன்று முயற்சி உண்டு. முதல் தடவை பிடிபட்டால் இன்னும் இரண்டு தடவை கூட்டிப் போவான். அந்தத் தொகைக்காகக் காணியையும் வீட்டையும் அடகு வைத்திருப்பார்கள், அல்லது வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். திருப்பி அனுப்பினால் ஆள் வந்து சேருவார், கடன் அப்படியே நிற்கும். உள்ளூர்க் கூலியில் வட்டிகூடக் கட்ட முடியாது. கடனை அடைக்க ஒரே வழி, திரும்பவும் வடக்கே போவது. அதனால்தான் லேஸ் கோக்கும்போதே கணக்குப் போடுகிறார்கள். போவதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டால் அதில் திருப்பி அனுப்பப்பட்டதையும் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள் என்றார். இது நான் யோசித்தே பார்க்காத கோணம்.

#7 கடல்தாண்டி

வழமையாக வாசித்துவிட்டுப் போகிறவன் நான். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் 90-களில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டு, மூன்று நாடு தாண்டிக் கனடா வந்தவன். தறிக்காரன் எழுதிய கோயோட்டேயை நாங்கள் ஏஜென்சிக்காரன் என்போம். அம்மாவின் தாலிக்கொடியும் தோட்டக் காணியும் ஈடு. ஒரு இடத்தில் பிடிபட்டால் திரும்பவும் ஏற்றிவிடுவது என்று பேச்சு எங்களுக்கும் இருந்தது. ஹோண்டுராஸ் எங்கே, வடமராட்சி எங்கே, ஆனால் ஒப்பந்தம் வரிக்கு வரி ஒன்றாகத்தான் கிடக்கிறது.

வரிசையைப் பற்றி கணக்கன் சொன்னதற்கு எனக்குக் கோபம் இல்லை. 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழர் கனடாவின் மேற்குக் கரையில் வந்து இறங்கியபோது இங்கே ரேடியோவில், பஸ்ஸில், வேலைத்தலத்தில் கேட்ட அதே சொல். வரிசை பாயிறவங்கள். அப்படிச் சொன்னவர்களில் முந்தி வந்த எங்கட ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அதே ஆகஸ்டில்தான் மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநிலத்தில் சான் ஃபெர்னாண்டோவுக்குப் பக்கத்தில் 72 பேரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. மத்திய அமெரிக்காவில் இருந்தும் தென் அமெரிக்காவில் இருந்தும் வடக்கே போனவர்கள். கும்பல் கடத்திச் சுட்டது. அந்தக் கிழமை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கப்பல்தான் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் செய்தி எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

அகதிக் கேஸ் ஹியரிங்கில் என்ன கேட்பார்கள் என்று தெரியுமா? என்ன நடந்தது என்பதை விட, எந்தத் தேதியில் நடந்தது என்று. ஒருக்கா சொன்னதற்கும் மறுக்கா சொன்னதற்கும் இரண்டு நாள் வித்தியாசம் வந்தால் நீ பொய்க்காரன். என் தமையனுக்கு அப்படித்தான் முதல் தடவை கேஸ் ரிஜெக்ட் ஆனது. ஷெல் விழுந்த திகதியை யார் டயரியில் குறித்து வைத்தார்கள்?

1951 அகதிகள் உடன்படிக்கையில் இருப்பது ஐந்து காரணம்: இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு. அந்த பஸ் டிரைவரை இதில் எதற்குள் நுழைப்பது என்று லோயர்மார் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பசிக்கு அதில் இடம் இல்லை. லத்தீன் அமெரிக்க நாடுகள் 1984-ல் கார்தஹேனாவில் கூடி, பொது வன்முறையால் ஓடுகிறவரும் அகதிதான் என்று அகலமாக ஒரு வரையறை எழுதினார்கள். அமெரிக்கா அந்த வரையறையைத் தன் சட்டத்தில் எடுக்கவில்லை. இன்னொன்று: 2004 முதல் கனடாவும் அமெரிக்காவும் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. முதலில் எந்த நாட்டுக்குள் வந்தாயோ அங்கேயே அடைக்கலம் கேள் என்று. 2023 மார்ச்சில் அதை முழுத் தரை எல்லைக்கும் நீட்டினார்கள். நான் வந்த வழியில் இன்று ஒருவர் வந்தால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

#8 கணக்கன்

கடல்தாண்டி ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வரிசை பற்றி எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் எழுதிய தொனிக்கு வருந்துகிறேன்.

உரிமை என்ற வார்த்தையை வைத்துக் கேட்கிறேன். 1948 ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துப் பார்த்தேன். 13-வது பிரிவில் எந்த நாட்டைவிட்டும் வெளியேறும் உரிமை இருக்கிறது, சொந்த நாட்டுக்குத் திரும்பும் உரிமை இருக்கிறது. வேறு நாட்டுக்குள் நுழையும் உரிமை எங்கேயும் இல்லை. 14-ல் அடைக்கலம் தேடும் உரிமை, கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதாவது வாசலைத் தாண்டி வெளியே வரலாம், எதிர் வீட்டுக்காரன் கதவைத் திறந்தால்தான் உள்ளே. நடுத் தெருவில் நிற்பதற்குத்தான் உரிமை. இந்த ஓட்டையை வைத்துக்கொண்டு மனித உரிமை என்று அடித்துப் பேசினால் சட்டம் தெரிந்தவன் சிரிப்பான்.

அப்புறம், ஹோண்டுராஸில் கொலை குறைந்துவிட்டதே? 2011, 2012-ல் லட்சம் பேருக்கு 80-க்கு மேல் இருந்தது, இப்போது பாதிக்கும் கீழே. ஆனாலும் ஆட்கள் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படியானால் வன்முறைதான் காரணம் என்பது முழு உண்மை இல்லையே.

#9 மழைமானி

கணக்கன் கடைசியாகக் கேட்டதற்கு என்னிடம் ஒரு பகுதிப் பதில் உண்டு. வானிலைத் துறையில் வேலை, அதனால் எனக்கு எல்லாமே மழையாகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவாத்தமாலா, எல் சல்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா வழியாகப் பசிபிக் பக்கமாக ஒரு பட்டை ஓடுகிறது, 'வறண்ட தாழ்வாரம்' என்பார்கள். அங்கே மக்காச்சோளமும் பீன்ஸும் மானாவாரிதான். மே மாதம் மழை ஆரம்பித்து, ஜூலை ஆகஸ்டில் சில வாரம் விட்டுவிட்டு, மறுபடி பெய்யும். நடுவில் விடுகிற அந்த இடைவெளி, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வருஷங்களில் நீண்டால் முதல் போகம் பூவோடு கருகிவிடும். அடுத்த வருஷ விதைக்கு வைத்திருந்ததைச் சாப்பிட்டுவிட்டால், அதற்கடுத்து விதைக்க ஒன்றும் இருக்காது. மலைப்பக்கம் காபித் தோட்டக் கூலியாவது உண்டே என்றால், 2012-ஐ ஒட்டி இலைத்துரு நோய் வந்து செடிகளை மொட்டையாக்கியது. அந்த நோய் ஏறாத உயரத்துக்கும் இப்போது வெப்பம் கூடியதால் ஏறுகிறது.

இது ஒரு முனை. மறுமுனையில் புயல். 1998 மிட்ச் புயலில் ஹோண்டுராஸில் மட்டும் 5,000 பேருக்கு மேல் செத்தார்கள். காற்றைவிட, நகராமல் நின்று கொட்டித் தீர்த்த மழைதான் கொன்றது. அதன்பின் 1999-ல் அமெரிக்கா அங்கிருந்து வந்திருந்தவர்களை நாடு கடத்தாமல் தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்தது. 'தற்காலிகம்' இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடியது, 2025-ல் முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள், கோர்ட்டில் இழுபறியானது. 2020 நவம்பரில் ஈட்டா, அயோட்டா என்று இரண்டு பெரும் புயல்கள், இரண்டு வாரத்துக்குள். சூலா பள்ளத்தாக்கே ஏரியானது. தறிக்காரன் சொன்ன அந்த லேஸ் கோக்கிற விமான நிலையமும் தண்ணீருக்குள்தான் இருந்தது.

கொலை குறையலாம், வெள்ளத்தில் போன வீடு திரும்பி வராது. மேலே சொன்ன ஐந்து காரணத்தில் மழைக்கும் இடம் இல்லை.

#10 நூல்பிடி

சரி, பாதிரியாரை விட்டுவிடுகிறேன். அணை பற்றி யாரும் பேசவில்லையே? பெர்த்தா காசெரெஸ் பெயரை அவர் சொன்னாரா?

#11 தறிக்காரன்

சொன்னார். சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

லென்கா பழங்குடிப் பெண். குவால்கார்கே ஆற்றில் அகுவா சர்கா அணை கட்டுவதை எதிர்த்துப் பல வருஷம் நின்றவர். 2015-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கொடுத்தார்கள், 2016 மார்ச் 2-ஆம் தேதி ராத்திரி வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். கூலிக்குக் கொன்றவர்களோடு நிற்காமல், அணைக் கம்பெனியின் தலைவராக இருந்தவரும் 2021-ல் குற்றவாளி என்று தீர்ப்பானார். "உலகம் முழுக்கத் தெரிந்த ஒருத்திக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத ஒரு கிராமத்து ஆள் 'இது என் ஆறு' என்று சொல்வாரா, மூட்டையைக் கட்டுவாரா?" என்று கேட்டார். மனித உரிமையையும் புலம்பெயர்வையும் ஏன் ஒரே தலைப்பில் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு அங்கேதான் பிடிபட்டது. அதற்கு முன் நோட்டீஸைப் பார்த்தபோது இரண்டு கூட்டத்தை ஒன்றாக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

#12 வாழைத்தார்

உள்ளூர்க்காரர் பொறுப்பு என்று நானே சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். ஹுவான் ஒர்லாண்டோ ஹெர்னாண்டெஸ், 2014 முதல் 2022 வரை ஹோண்டுராஸ் ஜனாதிபதி. ஒரு முறைக்கு மேல் கூடாது என்ற அரசியல் சாசனத் தடையைக் கோர்ட் வழியாகத் தாண்டி, 2017-ல் பெரிய சச்சரவோடு மறுபடி ஜெயித்தார். பதவி இறங்கிய கையோடு அமெரிக்கா பிடித்துக்கொண்டு போய், கொக்கைன் கடத்தலுக்குத் துணைபோன குற்றத்துக்காக 2024-ல் 45 வருஷம் தண்டனை கொடுத்தது. தம்பிக்கு ஏற்கெனவே ஆயுள். 2025 கடைசியில் அமெரிக்க ஜனாதிபதியே அவருக்கு மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார். அவர் ஆட்சியில் ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்பும் விமானங்கள் மட்டும் நிற்கவில்லை.

உள்ளூர்க்காரன் பொறுப்பா வெளிநாட்டுக்காரன் பொறுப்பா என்று அந்தப் பெரியவர் கேட்டாரே. இந்த ஒரு ஆளை எந்தப் பக்கம் வைப்பார்?

#13 கணக்கன்

அவரை வைக்க எந்தப் பக்கமும் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். ஹோண்டுராஸின் மொத்த உற்பத்தியில் நாலில் ஒரு பங்கு வெளிநாட்டிலிருந்து குடும்பங்களுக்கு வரும் பணம். காபி, வாழை எல்லாம் இதற்குப் பின்னால்தான். ஆட்களை வெளியே அனுப்புவதுதான் அந்த நாட்டின் பெரிய தொழில். அப்படியென்றால் போகாமல் இருக்கும் உரிமையைத் தர எந்த அரசுக்கு அவசரம்? இளைஞன் போனால் வேலை கேட்கமாட்டான், சாலையில் உட்காரமாட்டான், மாசா மாசம் டாலரும் அனுப்புவான். பாதிரியார் இதைத் தொட்டாரா தெரியவில்லை, தொட்டிருந்தால் நான் அவர் கட்சி. ரொக்கமாக அனுப்பும் பணத்துக்கு அமெரிக்கா 2026 முதல் 1 சதவீதம் வரி போட்டிருக்கிறது. நம்மில் பலர் பேங்க் மூலம் அனுப்புவதால் தப்பித்தோம். கடை வாசலில் வரிசையில் நின்று நோட்டைக் கொடுத்து அனுப்புகிறவர்தான் கட்டுகிறார். வரிசை என்றதும் என் வார்த்தையே எனக்குத் திரும்பிக் கேட்கிறது.

#14 ஞாயிறு மணி

போகிற வழியைப் பற்றி ஒன்று மட்டும். மெக்சிகோவில் சரக்கு ரயில் கூரைமேல் ஏறித்தான் பலர் போவார்கள், 'லா பெஸ்தியா', மிருகம் என்று பெயர். வெராக்ரூஸ் மாநிலத்தில் லா பத்ரோனா என்ற கிராமத்துப் பெண்கள் 1995 முதல் தண்டவாளத்தோரம் நின்று சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறார்கள். ரயில் நிற்காது. அதனால் தண்ணீர் பாட்டில்களை இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டிக் கையில் தொங்கவிட்டு நீட்டுவார்கள், ஓடும் ரயிலிலிருந்து கையை வளைத்தால் கயிறு மாட்டிக்கொள்ளும். அந்தக் கயிறு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், முடிச்சு எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் அந்த அம்மாக்களுக்கு அத்துப்படி. 2013-ல் மெக்சிகோ அரசு அவர்களுக்குத் தேசிய மனித உரிமை விருது கொடுத்தது. கையில் விருது, அடுத்த ரயிலுக்குச் சாதம் வடிக்க அடுப்படி.

#15 தறிக்காரன்

கணக்கன், பணத்தைத் தொட்டார். உங்களைப் போல இவ்வளவு வெளிப்படையாக இல்லை. "எங்கள் அரசு எங்களைத் தவிர வேறு எதையும் உற்பத்தி செய்யவில்லை" என்றார், கூட்டம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்று எழுத விட்டுப்போயிற்று. மொழிபெயர்த்த பெண் ஒரே ஒரு இடத்தில் தடுமாறினார். ஊரில் யாரும் 'புலம்பெயர்ந்தான்' என்றெல்லாம் சொல்வதில்லை, 'போயிட்டான்' என்றுதான் சொல்வார்கள் என்று பாதிரியார் சொன்னார். அந்த ஸ்பானிஷ் சொல்லுக்குச் செத்துப்போனான் என்றும் அர்த்தம் உண்டாம், ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அந்தப் பெண் முழித்தார். நான் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, நமக்கு இது கஷ்டமே இல்லையே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கடைக்குப் போகும்போதுகூடப் 'போறேன்' என்று சொன்னால் பாட்டி திரும்பக் கூப்பிட்டுப் 'போயிட்டு வரேன்'னு சொல்லச் சொல்லும்.

#16 கடல்தாண்டி

எங்கட அம்மாவும். நான் வெளிக்கிட்ட அன்று அவசரத்தில் 'போறன்' என்று சொல்லிப்போட்டு வந்துவிட்டேன். அதை இப்பவும் ஃபோனில் சொல்லிக் காட்டுவா.

#17 கணக்கன்

தறிக்காரன், அவர் இன்னும் இங்கேதான் இருக்கிறாரா? அடுத்த கூட்டம் எங்கே என்று சொன்னால் வருகிறேன். சண்டை போடத்தான்.

#18 தறிக்காரன்

செவ்வாய்க்கிழமையே ஊருக்குக் கிளம்பிவிட்டார். லேஸை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டாராம், என் நண்பரிடம் இருக்கிறது.